ராத்திரி தூக்கத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சா உடம்புக்கும் மூளைக்கும் என்ன ஆகும்? எப்படி கண்டுபிடிக்கிறது, என்ன பண்றது? மும்பைல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு முழு வழிகாட்டி

மும்பைல ஒரு ஸ்லீப் லேப்ல நைட் டெக்னீஷியனா இருக்கேன். ராத்திரி பத்து மணி வாக்குல வர்றவங்களுக்கு தலை, மார்பு, கால், விரல்னு வயர் ஒட்டி படுக்க வச்சிட்டு, விடியற வரைக்கும் பக்கத்து ரூம்ல ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான் வேலை. செம்பூர், சயான் கோலிவாடா, தாராவி, முலுண்ட், டோம்பிவிலினு எல்லா பக்கத்துல இருந்தும் தமிழ் ஆளுங்க வர்றாங்க, ஆனா பெரும்பாலும் ரொம்ப லேட்டா வர்றாங்க. அதுக்குள்ள பிரஷர் மாத்திரை மூணு ஆயிருக்கும், சுகர் வந்திருக்கும், வீட்டுல சண்டை சச்சரவு வேற, ஆனா இருபது வருஷமா குறட்டை விடறதப் பத்தி மட்டும் ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. அது மாறணும்னுதான் இத எழுதறேன்.

முதல்ல, தூங்கும்போது மூச்சுக்கு என்ன ஆகுது

முழிச்சிருக்கும்போது ஆரோக்கியமான ஆளுக்கு விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு பாக்கற ஆக்ஸிமீட்டர்ல 95ல இருந்து 100 வரைக்கும் காட்டும். தூங்க ஆரம்பிச்சா எல்லாருக்கும் மூச்சு கொஞ்சம் மேலோட்டமா ஆகும், ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் ஏறும், ஆக்ஸிஜன் ஒண்ணு ரெண்டு பாயிண்ட் இறங்கும். இதுக்கு பயப்பட ஒண்ணும் இல்ல.

90க்கு கீழ போனாதான் கதை வேற. 97ல இருந்து 93க்கு வர்றதும் 90ல இருந்து 86க்கு வர்றதும் ஒரே நாலு பாயிண்ட்தான்னு நினைக்காதீங்க, ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன பிடிச்சு வச்சிருக்கற விதத்துல 90ங்கறது ஒரு விளிம்பு மாதிரி, அந்த இடத்துல ரத்தத்துல ஆக்ஸிஜனோட அழுத்தம் ஏறக்குறைய 60 mmHgல நிக்கும், அதுக்கு மேல மெதுவாத்தான் இறங்கும், அதுக்கு கீழ மூச்சு கொஞ்சம் குறைஞ்சாலே நம்பர் மளமளன்னு சரியும்.

ஏன் இறங்குதுன்னா, அதிகமா பாக்கற காரணம் தொண்டை அடைச்சுக்கறது. தூக்கத்துல தொண்டைத் தசை தளரும், நாக்கு பின்னாடி சாயும், நெஞ்சு காத்த இழுக்க இழுக்க, ஈரமான பேப்பர் ஸ்ட்ராவ உறிஞ்சினா ரெண்டு பக்கமும் ஒட்டிக்குமே, அந்த மாதிரி தொண்டை ஒட்டிக்கும். 10 செகண்டுக்கு மேல காத்து நின்னா அதுக்குப் பேர் ஆப்னியா, தூக்கத்துல இது திரும்பத் திரும்ப நடக்கற நோய்தான் ஸ்லீப் ஆப்னியா. நெஞ்சும் வயிறும் மேல கீழ போயிட்டே இருக்கும், ஆனா மூக்குல காத்தே வராது, கடைசில மூளை பதறி ஒரு சில செகண்ட் முழிக்கும், "க்ஹ்ர்"னு ஒரு பெரிய சத்தத்தோட மூச்சு திரும்பும், திரும்பவும் தூக்கம், திரும்பவும் அடைப்பு. தீவிரமா இருக்கறவங்களுக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல இது நடக்கும், ஏழு மணி நேரம் தூங்கினா 200க்கு மேல. காலைல எந்திரிச்சு "நல்லா தூங்கினேன் மேடம்"னு சொல்லுவாங்க, பொய் சொல்லல, அந்த சின்ன சின்ன முழிப்பு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல.

விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்குத்தான் ஸ்க்ரீன்ல மோசமான நம்பர் வரும். கனவு வர்ற தூக்கம் அந்த நேரத்துலதான் அதிகம், அப்போ உதரவிதானத்தையும் கண் தசையையும் தவிர உடம்புத் தசை ஏறக்குறைய எல்லாம் சுத்தமா தளர்ந்து கிடக்கும். ஆயுசு பூரா 12 மணி வரைக்கும் முழிச்சு டிவி பாத்துட்டு வீட்டுக்காரர் மூச்ச கவனிச்சிட்டு "ஒண்ணும் இல்லயே"ன்னு படுத்துடற அக்காங்களுக்கு அந்த நாலு மணி கதை தெரியாமலே போயிடுது.

இங்க ரெண்டு விஷயம் சொல்லிடறேன். "பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேர் படுக்கறோம், அதான் ஆக்ஸிஜன் பத்தல"ன்னு நிறைய பேர் நம்பறாங்க. அடைச்ச ரூம்ல புழுக்கம் ஏறும், கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், தலை கனக்கும், ஆனா கதவு இடுக்கு ஜன்னல் இடுக்கு இருக்கற சாதாரண வீட்டுல ஆக்ஸிஜன் அளவு விரல்ல நம்பர் இறங்கற அளவுக்கு குறையாது. ஜன்னல திறங்க, நல்லதுதான், ஆனா அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. இன்னொண்ணு, லே மாதிரி 3500 மீட்டர் உயரத்துல நல்ல ஆளுக்கே தூக்கத்துல ஆக்ஸிஜன் நல்லாவே இறங்கும். மும்பை கடல் மட்டத்துல இருக்கு, இங்க ராத்திரி 84 காட்டினா ஊர் மேல பழி போட முடியாது, காரணம் உடம்புக்குள்ளதான் இருக்கு.

உடம்புக்கு என்ன ஆகுது

கழுத்துல ரத்தக்குழாய் பிரியற இடத்துல கரோடிட் பாடின்னு அரிசி அளவுக்கு ஒரு சின்ன உறுப்பு இருக்கு, ரத்தத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சா முதல்ல அலாரம் அடிக்கறது அதுதான். ஒவ்வொரு அடைப்புக்கும் அலாரம், ஒவ்வொரு அலாரத்துக்கும் அட்ரினலின், ரத்தக்குழாய் இறுகும், இதயம் வேகமா அடிக்கும், மூச்சு திரும்பற அந்த நொடில பிரஷர் எகிறும். நல்ல ஆளுக்கு ராத்திரில பிரஷர் பகல விட 10ல இருந்து 20 சதவீதம் இறங்கி ஓய்வெடுக்கும், இவங்களுக்கு அந்த ஓய்வே கிடையாது. அதனால மூணு மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கலன்னா தூக்கத்த செக் பண்ணாம நாலாவது மாத்திரைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

ராத்திரி மூணு நாலு தடவை யூரின் போறது இன்னொரு பெரிய அடையாளம். பிராஸ்டேட்னு நினைப்பாங்க, சுகர்னு நினைப்பாங்க, அதுவும் இருக்கலாம். ஆனா அடைச்ச தொண்டைக்கு எதிரா நெஞ்சு இழுக்கும்போது உள்ள உண்டாகற இழுப்புல இதயத்துக்கு ரத்தம் கூடுதலா வந்து சேரும், இதயம் "தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு"ன்னு நினைச்சு ஒரு ஹார்மோன் விடும், கிட்னி யூரின தள்ளும். சிகிச்சை ஆரம்பிச்ச பிறகு "ராத்திரி எந்திரிக்கவே இல்லங்க"ன்னு ஆச்சரியப்படறவங்க நிறைய.

காலைல தலைவலி, அதுவும் எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல தானா போயிடற தலைவலி. வாய் வறட்சி. சில பேருக்கு ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் அளவுக்கு மேல இருக்கும், ஏன்னா ஆக்ஸிஜன் பத்தாதப்போ உடம்பு சிவப்பணுவ கூட்ட பாக்கும். செல்லுங்க ஆக்ஸிஜன் அளவ எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூணு பேருக்கும் 2019ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. சுகரும் இதுல சம்பந்தப்படுது, ஆக்ஸிஜன் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடற ஆட்டம் இன்சுலினோட வேலைய கெடுக்கும். இதயத் துடிப்பு தாறுமாறா ஆகற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இவங்களுக்கு அதிகம். ராத்திரி முழுக்க தொடர்ந்து ஆக்ஸிஜன் குறைவா இருக்கறவங்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் இறுகி இதயத்தோட வலது பக்கம் களைச்சுப் போகும், கால் வீங்கும்.

மூளைக்கும் மனசுக்கும் என்ன ஆகுது

இதத்தான் யாரும் தூக்கத்தோட சேத்துப் பாக்கறதே இல்ல. மறதி, ஒரு வேலைல மனசு நிக்காதது, எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழறது, ஆசையா செஞ்ச எதுலயும் நாட்டம் இல்லாம போறது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, குணம் மாறிடுச்சு"ன்னு வீட்டுல முடிவு பண்ணிடுவாங்க. ஞாபகத்த சேத்து வைக்கற ஹிப்போகேம்பஸ் ஆக்ஸிஜன் குறைவ தாங்கறதுல ரொம்ப பலவீனமான இடம், அதோட ஆழ்ந்த தூக்கமும் துண்டு துண்டா போயிடுது, ரெண்டு அடியும் ஒரே ராத்திரில. நல்ல செய்தி என்னன்னா சில மாசம் ஒழுங்கா சிகிச்சை எடுத்தவங்களுக்கு கவனமும் மனநிலையும் தெளிவா தேறுது. எல்லாமே முழுசா திரும்பிடும்னு வாக்கு குடுக்க முடியாது, அதனாலதான் சீக்கிரம் வாங்கன்னு சொல்றேன்.

கல்யாண் ஸ்லோ லோக்கல்ல சீட் கிடைச்சதும் கண்ணயர்றது மும்பைல எல்லாரும் பண்றதுதான், அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடற ஊர் இது. ஆனா நின்னுட்டே தூங்கி விழறது, மீட்டிங்ல பேசிட்டிருக்கும்போதே கண் சொக்கறது, சிக்னல்ல வண்டி நின்ன ஒரு நிமிஷத்துல கண் மூடிக்கறது, இதெல்லாம் களைப்புக் கணக்குல வராது. டாக்ஸி, டெம்போ, பஸ் ஓட்டற அண்ணன்மார்களுக்கு கையெடுத்து கும்பிட்டு சொல்றேன், வண்டில கண் சொக்குதுன்னா டெஸ்ட் பண்ணி சிகிச்சை ஆரம்பிக்கற வரைக்கும் நைட் ட்ரிப் எடுக்காதீங்க.

பொம்பளைங்களுக்கு இது வேற வேஷத்துல வரும். பெரிய குறட்டை இருக்காது, தூக்கம் வரல, எப்பவும் அசதி, தலைவலி, மனசு சரியில்லன்னு சொல்லுவாங்க, டிப்ரஷன் மாத்திரையோ தூக்க மாத்திரையோ கைல குடுத்து அனுப்பிடுவாங்க. மாதவிடாய் நின்ன பிறகு ஆபத்து தெளிவா கூடுது, அம்மா மாமியார் வயசுக்காரங்கள கவனிங்க. குழந்தைங்களுக்கு இன்னும் வேற, பகல்ல தூங்கி வழிய மாட்டாங்க, தலைகீழா துறுதுறுன்னு அடங்காம இருப்பாங்க, படிப்புல மனசு நிக்காது, வாயால மூச்சு விடுவாங்க, படுக்கைலயே யூரின் போவாங்க. டான்சிலோ அடினாய்டோ பெருசாகியிருக்கும், ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டுங்க.

படி 1: பக்கத்துல படுக்கறவங்கதான் சாட்சி

தூங்கறவருக்குத் தெரியாது, அதனால வீட்டுல இன்னொருத்தர் பாத்தே ஆகணும். விடியக்காலம் நாலு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு பத்து நிமிஷம் போன்ல வீடியோ எடுங்க, முகமும் நெஞ்சும் வயிறும் தெரியற மாதிரி, சத்தமும் பதிவாகற மாதிரி. குறட்டை சத்தத்த விட முக்கியம் நடுவுல வர்ற அமைதி, நெஞ்சு அசையுது ஆனா சத்தம் இல்ல, அந்த அமைதி எத்தனை செகண்ட்னு எண்ணுங்க. இந்த வீடியோவ டாக்டர்கிட்ட காட்டினா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. வீட்டுக்காரர் கோவிப்பாரேன்னு தயங்காதீங்க, பாதி பேர் அந்த வீடியோவப் பாத்த பிறகுதான் லேபுக்கு வரவே சம்மதிக்கிறாங்க. தனியா இருக்கற பசங்க ரூம்மேட்கிட்ட கேளுங்க.

படி 2: எட்டு கேள்வி

ஸ்டாப்-பேங்னு ஒரு கேள்விப் பட்டியல் இருக்கு. கதவு தாண்டி கேக்கற குறட்டையா? பகல்ல களைப்பா? மூச்சு நிக்கறத யாராவது பாத்திருக்காங்களா? பிரஷர் இருக்கா? பிஎம்ஐ, அதாவது உயரத்தோட ஒப்பிட்ட எடைக் கணக்கு, 35க்கு மேலயா? வயசு 50க்கு மேலயா? கழுத்துச் சுத்தளவு 40 சென்டிமீட்டருக்கு மேலயா? ஆம்பளையா? மூணு ஆமாம் வந்தா டாக்டரப் பாருங்க, அஞ்சு வந்தா தள்ளிப் போடவே கூடாது. நம்ம ஊர் உடம்புக்கு அந்த 35ங்கறது ரொம்ப தாராளம். இந்தியர்களுக்கு 25லயே குண்டுன்னு கணக்கு, அதோட தாடை அமைப்பால ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. "நான் ஒல்லி, எனக்கு வராது"ன்னு சொன்ன பல பேரோட ரிப்போர்ட்ல மணிக்கு 40 தாண்டிப் பாத்திருக்கேன்.

இது அபூர்வ வியாதின்னு நினைக்க வேண்டாம். இதே மும்பைல ஹிந்துஜா ஆஸ்பத்திரிக்கு சாதாரண ஹெல்த் செக்கப்புக்கு வந்த 35ல இருந்து 65 வயசு ஆம்பளைங்கள வச்சு டாக்டர் ஜரிர் உத்வாடியா குழு பண்ணி 2004ல வெளியான ஆய்வுல, 19.5 சதவீதம் பேருக்கு தூக்கத்துல மூச்சுக் கோளாறு, பகல் தூக்கமும் சேந்த முழு ஸ்லீப் ஆப்னியா 7.5 சதவீதம். தங்களுக்கு நோய் இருக்குன்னு நினைச்சு வந்தவங்க இல்ல இவங்க.

படி 3: வீட்டு ஆக்ஸிமீட்டர் எதுக்கு, எதுக்கு இல்ல

கோவிட் சமயத்துல வாங்கினது எல்லார் வீட்டு அலமாரிலயும் கிடக்கு. தூங்கறவர் விரல்ல மாட்டி ஒரு தடவ பாத்துட்டு 96னு நிம்மதியாகாதீங்க, அது அந்த நொடிக் கணக்கு மட்டும்தான். விரல் நம்பர் அரை நிமிஷம் வரைக்கும் லேட்டா வரும், மூச்சு திரும்பி நல்லா இழுக்கும்போதுதான் நம்பர் கீழ போயிட்டு இருக்கும். ராத்திரி முழுக்க பதிவு பண்ற மாடல் இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க: மணிக்கு எத்தனை தடவ 3, 4 பாயிண்ட் இறங்குது, மொத்தம் எவ்வளவு நேரம் 90க்கு கீழ இருந்துது. நெயில் பாலிஷ், மருதாணி, ஏசில விறைச்ச விரல் எல்லாம் நம்பர கெடுக்கும். கருப்புத் தோலுக்கு இந்தக் கருவி உண்மைய விட கொஞ்சம் கூட்டிக் காட்டறதுண்டு, அதனால 91, 92 திரும்பத் திரும்ப வந்தா அசட்டையா விடாதீங்க. ஸ்மார்ட் வாட்ச் நம்பர வச்சு "இருக்கு"ன்னு சந்தேகப்படலாம், "இல்ல"ன்னு முடிவு பண்ணக் கூடாது.

படி 4: டாக்டர், அப்புறம் டெஸ்ட்

செஸ்ட் டாக்டர், ஈஎன்டி, நியூராலஜி யார்கிட்ட வேணா ஆரம்பிக்கலாம். செலவு பத்தி யோசிக்கறவங்க சயான், கேஈஎம், நாயர் மாதிரி மாநகராட்சி ஆஸ்பத்திரி செஸ்ட் ஓபிடில முதல்ல கேட்டுப் பாருங்க. ஹோம் டெஸ்ட்ல காத்து, நெஞ்சு அசைவு, ஆக்ஸிஜன், நாடி பதிவாகும். லேப் டெஸ்ட்ல மூளை அலையும் சேரும். தொண்டை அடைப்புன்னு வலுவான சந்தேகம் இருக்கற ஆளுக்கு ஹோம் டெஸ்ட் போதும், ஆனா அது நார்மல்னு வந்தும் பகல் தூக்கம் விடலன்னா லேப் டெஸ்ட் கேளுங்க, ஹோம் டெஸ்ட் கொஞ்சம் குறைச்சு எண்ணும். டெஸ்ட் அன்னிக்கு பகல்ல தூங்காதீங்க, சாயங்காலம் காபி டீ வேண்டாம், தலைக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், வயர் ஒட்டாது.

ரிப்போர்ட்ல ஏஹெச்ஐன்னு இருக்கும், மணிக்கு எத்தனை தடவ மூச்சு நின்னுது இல்ல குறைஞ்சுதுன்னு கணக்கு. 5ல இருந்து 15 லேசு, 15ல இருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல தீவிரம். அத மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, ஆகக் குறைஞ்ச ஆக்ஸிஜன் எவ்வளவு, 90க்கு கீழ எத்தனை நிமிஷம், மல்லாந்து படுத்தப்போ எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டு கேளுங்க. அடைப்பே இல்லாம ஆக்ஸிஜன் மட்டும் மணிக்கணக்கா கீழ கிடந்தா சிகரெட்டாலயோ அடுப்புப் புகையாலயோ கெட்ட நுரையீரலா இருக்கலாம், அதிக எடையால மூச்சே பத்தாம போறதா இருக்கலாம், அதுக்கு வழி வேற. மூளையே மூச்சு விடச் சொல்லாம நிறுத்தற வகையும் உண்டு, இதயம் பலவீனமானவங்களுக்கு வரும்.

படி 5: சிகிச்சை

ரொம்ப பேர் பண்ற காரியம், ஆக்ஸிஜன் குறையுதுன்னு ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர வாடகைக்கு எடுத்து வந்து மூக்குல மாட்டி விடறது. தயவு செஞ்சு டாக்டர் சொல்லாம இத பண்ணாதீங்க. தொண்டை மூடியே இருக்கும், நம்பர் மட்டும் அழகாகும், மூளைக்கு அலாரம் லேட்டா போறதால மூச்சு நிக்கற நேரம் நீளலாம், சில பேருக்கு கார்பன் டை ஆக்ஸைடு ஏறி மயக்கமே வரும்.

தொண்டைய திறந்து வைக்கணும், அதுக்குத்தான் சிபாப் மெஷின். சிட்னில காலின் சல்லிவன் கண்டுபிடிச்சு 1981ல வெளியிட்டது, மாஸ்க் வழியா லேசான அழுத்தத்துல காத்த விட்டு தொண்டை ஒட்டாம பாத்துக்கும். லேப்ல ராத்திரி நடுவுல மெஷின மாட்டினதும் ஸ்க்ரீன்ல அலை அலையா ஆடிட்டிருந்த ஆக்ஸிஜன் கோடு நேரா படுத்துக்கறத பாக்கும்போது இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு சந்தோஷமா இருக்கும். ஒண்ண மறைக்காம சொல்லணும், ஏற்கனவே இதய நோய் வந்தவங்ககிட்ட பண்ணி 2016ல வெளியான பெரிய ஆய்வுல சிபாப் போட்டதால ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் குறையல. ஆனா அவங்க சராசரியா ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டாங்க, அந்தக் கொஞ்ச நேரத்துக்கே பகல் தூக்கமும் மனநிலையும் தேறிச்சு. அதனால தினம் குறைஞ்சது நாலு மணி நேரம், முடிஞ்சா தூங்கற நேரம் முழுக்க, முக்கியமா அந்த விடியக்காலத்துல.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வாடகைக்கு எடுத்து பாருங்க. முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும், டிவி பாக்கும்போது மாஸ்க் மட்டும் மாட்டிப் பழகுங்க. அடர்ந்த தாடி மீசை இருந்தா காத்து கசியும், மூக்குத் துளைக்குள்ள வைக்கற சின்ன மாஸ்க் கேளுங்க. ஏசி ரூம்னா காத்த ஈரமாக்கற ஹியூமிடிஃபையர் போடுங்க, அதுல டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். மழைக்காலத்துல மும்பை ஈரத்துக்கு ட்யூப்ல பூஞ்சை பிடிக்கும், தினம் மாஸ்க துடைங்க, வாரம் ஒரு தடவ ட்யூப சோப்புத் தண்ணில அலசி நிழல்ல தொங்க விடுங்க.

லேசான கேஸுக்கும் மெஷின் ஒத்துக்காதவங்களுக்கும் பல் டாக்டர் செஞ்சு குடுக்கற, கீழ்த்தாடைய முன்னாடி தள்ளற பிளேட் இருக்கு. மல்லாந்து படுத்தா மட்டும் வர்றவங்க ஒருக்களிச்சு படுத்தாலே பாதி குறையும். எடை 10 சதவீதம் குறைஞ்சா ஏஹெச்ஐ ஏறக்குறைய 26 சதவீதம் குறையுதுன்னு 2000ல வந்த ஆய்வு சொல்லுது. உடல் பருமன் இருக்கற நடுத்தர, தீவிர கேஸுக்கு எடையக் குறைக்கற டிர்செபடைட் ஊசிய அமெரிக்கால 2024 டிசம்பர்ல அங்கீகரிச்சாங்க, அது டாக்டர் மேற்பார்வைல மட்டும். தண்ணி அடிச்சிட்டு படுக்கறது, தூக்க மாத்திரை, இது ரெண்டும் தொண்டைய இன்னும் தளர விடும், சிகிச்சை இல்லாம இருக்கும்போது தொடவே தொடாதீங்க.

அவசரமா ஓட வேண்டிய நிலை

முழிச்சு உக்காந்திருக்கும்போதும் நம்பர் 90க்கு கீழ, உதடு நீலம், காலைல எழுப்பினா குழப்பமா பேசறது, எழுப்பவே முடியாதது, நெஞ்சு வலி, மூச்சு வாங்கறதோட கால் வீக்கம். இதுக்கு ஸ்லீப் லேப் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு இருக்காதீங்க, நேரா கேஷுவால்ட்டி.

கடைசியா ஆப்ரேஷன் விஷயம். மூட்டு, ஹெர்னியா, கண்ணு, எதுவா இருந்தாலும் மயக்க டாக்டர்கிட்ட "எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கு"ன்னு நீங்களே வாய் திறந்து சொல்லுங்க, டெஸ்ட் பண்ணலன்னா "தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு வீட்டுல சொல்றாங்க"ன்னாவது சொல்லுங்க. மயக்க மருந்தும் வலிக்கு குடுக்கற மார்ஃபின் வகையும் தொண்டையையும் மூச்சையும் இன்னும் தளர்த்தும், அவங்களுக்குத் தெரிஞ்சா மருந்த மாத்துவாங்க, அன்னிக்கு ராத்திரி மானிட்டர்ல வச்சிருப்பாங்க. சிபாப் வச்சிருக்கறவங்க அட்மிட் ஆகும்போது பைலோட மெஷினையும் மாஸ்கையும் சேத்து எடுத்துட்டுப் போங்க, நிறைய ஆஸ்பத்திரில வார்டுல இருக்காது.